நான் சூடாக்கிய மூக்குத் தகடு

நானும் அந்தத் தகடும் ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றோம். எனக்கு மாலை போட்டார்கள். தகட்டைப் பழைய சாமான் பெட்டியில் போட்டார்கள். மூக்குக்குள் விட்டுப் பார்க்கிற கேமராக் குழாய் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டதால் இனி அதற்கு வேலை இல்லையாம். புதிதாகச் சேர்ந்த பெண்கள் இரண்டு பேர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரசக்கா, இது தோசை திருப்பறதுங்களா?" என்று கேட்டார்கள்.

கேட்டதில் தப்பில்லை. பார்க்க அப்படித்தான் இருக்கும். உள்ளங்கை நீளம், கண்ணாடி மாதிரி பளபளப்பு, ஓரத்தில் அளவுக் கோடுகள். இந்தத் தகட்டால் எனக்கு நேர்ந்த மானக்கேட்டைச் சொன்னேன். அதே வாரத்தில் ஒரு குழந்தை பிழைத்த கதையையும் சொன்னேன். ஆஸ்பத்திரி மலருக்கு இதை எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுதியதை மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டேன். இருந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது.

படிப்பை நிறுத்தியதற்கும் பயம்தான் காரணம். பாலக்காட்டு எல்லையோரம் எருத்தேன்பதிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு அறையின் ஓடு ஒன்று சாய்ந்திருந்தது. அது தலையில் விழும் என்று நான் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். பத்து நாள் பார்த்துவிட்டு அப்பா கடலைக் காட்டுக்கு வரச் சொன்னார். காட்டில் பாம்பு இருக்கும். பாம்புக்குப் பயந்து ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தேன். பாம்பு கடித்தவர்களெல்லாம் அங்கேதான் வருவார்கள் என்பது சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

முதலில் தரை துடைத்தேன். பிறகு துணி மடித்தேன். பிறகு கத்தரி, குறடு கழுவி வேகவைக்கிற வேலை. இத்தனை வருஷத்தை இரண்டே வரியில் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு நடந்ததெல்லாம் கவலைதான். மற்றவர்கள் பஞ்சை ஒரு தடவை எண்ணினால் நான் நான்கு தடவை எண்ணுவேன். நான்கு தடவையும் ஒரே எண்ணிக்கை வந்தால், அதெப்படி ஒரே மாதிரி வருகிறது என்று ஐந்தாவது தடவை எண்ணுவேன். குழந்தைகள் வார்டில் போட்ட பிறகு இது முற்றிவிட்டது. தூங்குகிற குழந்தைகளின் பாதத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். தொட்டால் முழித்துக்கொள்ளும், அழும், அம்மாக்கள் முறைப்பார்கள். தலைமை நர்ஸ் லிஸி சிஸ்டர் ஒரு சட்டமே போட்டார்: சரசு ஒரு மணி நேரத்துக்கு ஒரு குழந்தையை ஒரு தடவைதான் தொடலாம்.

இனி டாக்டரம்மாவைச் சொல்ல வேண்டும். டாக்டர் ராதாமணி, காது மூக்கு தொண்டை. பாலக்காட்டுச் சித்தூர்க்காரர், மலையாளி, ஆனால் எங்களோடு தமிழில்தான் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சாமான் வேண்டுமென்றால் பெயர் சொல்ல மாட்டார், திரும்பியும் பார்க்க மாட்டார். கையை மட்டும் பின்னால் நீட்டுவார். அந்தக் கையில் சரியான சாமான் இருக்க வேண்டும். தப்பானது வந்தால் "சந்தோஷம்" என்பார். அதுதான் கோபம். கோபம் கொஞ்சம் கூடினால் "ரொம்ப சந்தோஷம்". முற்றிப்போனால் மலையாளம் கலந்துவிடும்: "வளரெ சந்தோஷம்". அந்த மூன்றாவதை நான் என் வேலைக் காலத்தில் ஒரே ஒரு தடவைதான் வாங்கினேன்.

தகட்டை அவர் பிடிக்கிற விதம் இது. மூக்குக்குக் கீழே, மேலுதட்டில் படாமல், ஒரு நூல் இடைவெளி விட்டுப் படுக்கையாகப் பிடிப்பார். மூச்சு விட விடத் தகட்டில் ஆவி படியும், இரண்டு துளைக்கு இரண்டு வட்டம். இரண்டும் சமமாக இருந்தால் மூக்கு நல்லது. ஒன்று சின்னதாக இருந்தால் அந்தப் பக்கம் அடைப்பு. வட்டமே விழாவிட்டால் காற்றே போகவில்லை என்று அர்த்தம். பெரியவர்களுக்குப் பார்க்கும்போது அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே கொடுத்திருக்கிறேன். மூச்சினால் ஆவி படிகிறது என்று எனக்குத் தெரியும். தகடு குளிர்ந்திருந்தால்தான் படியும் என்பது தெரியாது. அந்தப் பாடம் ஒன்பதாம் வகுப்பில் இருந்திருக்கும்.

அது மார்கழி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் கதவையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தே பிரபு, சுகன்யா என்று ஒரு தம்பதி. தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு முதல் குழந்தை, பெண் குழந்தை பிறந்து இரண்டாம் நாள். பால் குடிக்க வாயை வைத்தால் குழந்தை நீலமாகிவிடும். திணறிக்கொண்டு வாயை எடுத்து, வீறிட்டு அழுதால் சிவந்துவிடும். மறுபடி பால், மறுபடி நீலம். பச்சைக் குழந்தைக்கு மூக்கால்தான் மூச்சு விடத் தெரியும், வாயால் விடுவது அழும்போது மட்டும்தான் என்று டாக்டரம்மா சொல்லி எனக்குத் தெரியும். ஆக, இந்தக் குழந்தை மூச்சு விடுவதற்காகவே அழுதுகொண்டிருந்தது.

பிரபுவின் அக்கா காந்திமணி மூலையில் நின்றிருந்தார். முதல் நாள் காலையில் குழந்தையின் மூக்கில் எண்ணெய் தொட்டு, தண்டைக் கிள்ளிக் கிள்ளி இழுத்துவிட்டவர் அவர்தான். மூக்கு எடுப்பாக வர வேண்டும் என்று அவர்கள் வீட்டில் எல்லாக் குழந்தைக்கும் செய்வதாம். இப்போது வீட்டார் எல்லாருடைய கண்ணும் அவருடைய இரண்டு விரல் மேலேயே இருந்தது. அவர் அந்தக் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா வந்தார். கையைப் பின்னால் நீட்டினார்.

தகடு என்று எனக்குப் புரிந்தது. ஆனால் அன்றைக்கு அந்த இரும்பைத் தொட்டபோது ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டு நாள் குழந்தையின் உதட்டில் பட்டால் என்ன ஆகும்? சளி பிடிக்கும். ஏற்கெனவே மூச்சு இல்லாத குழந்தைக்குச் சளியும் பிடித்தால்? இதையெல்லாம் டாக்டரம்மா வார்டுக்கு வரும் முன்பே யோசித்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியில் தகட்டைச் சுற்றிக் கதகதப்பாகத் தயார் செய்து வைத்திருந்தேன். ஈரம் துடைத்து நீட்டிய கையில் வைத்தேன். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் குழந்தையின் மூக்குக்குக் கீழே பிடித்தார். ஒன்றும் விழவில்லை. துடைத்துவிட்டுப் பிடித்தார். ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் முழு அடைப்பு போலிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். சுகன்யா அழ ஆரம்பித்தார். காந்திமணி அக்கா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மாவுக்கு என்ன தோன்றியதோ, தகட்டைத் தன் மூக்குக்குக் கீழே பிடித்தார். வட்டம் இல்லை. லிஸி சிஸ்டருக்குப் பிடித்தார். இல்லை. சிஸ்டர் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிரபுவுக்குப் பிடித்தார். அவர் பயத்தில் பலமாகவே மூச்சு விட்டார். அப்போதும் இல்லை.

டாக்டரம்மா அமைதியாகச் சொன்னார்: "இந்த ரூம்ல யாருக்கும் மூச்சு இல்லை."

பிறகு தகட்டைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சரசு, இது ஏன் சூடா இருக்கு?"

"குழந்தைக்குக் குளுருமுன்னு சுடுதண்ணித் துணியில சுத்தி வெச்சிருந்தனுங்க டாக்டர்."

"வளரெ சந்தோஷம்" என்றார்.

நான் ஓடிப்போய் ஐஸ் கட்டி கொண்டுவந்தேன். தகட்டைக் குளிர வைத்துத் துடைத்துப் பிடித்தபோது குழந்தையின் மூச்சு விழுந்தது. இரண்டு வட்டம்கூட இல்லை, இரண்டு புள்ளி, கடுகு மாதிரி. ஆனால் இருந்தது. மூக்கு மூடியிருக்கவில்லை, குறுகியிருந்தது.

அடுத்தது குழாய். இருப்பதிலேயே மெல்லிய, குழந்தைகளுக்குப் பால் செலுத்துகிற குழாயை எடுத்து ஒவ்வொரு துளையாக விட்டுப் பார்த்தார். வழக்கமாக இப்படிப்பட்ட அடைப்பு மூக்கின் பின்பக்கம் ஆழத்தில் இருக்குமாம், குழாய் உள்ளே போய்த்தான் முட்டுமாம். இந்தக் குழந்தைக்கு வாசலிலேயே நின்றுவிட்டது. வலது பக்கமும் அப்படித்தான், இடது பக்கமும் அப்படித்தான். "வாசல் எலும்பே குறுகல்" என்றார். வீக்கம் வற்றச் சொட்டு மருந்து. வாயால் மூச்சு விட, நுனியைப் பெரிதாக வெட்டிய ரப்பர் காம்பு ஒன்றை வாயில் வைத்து நாடாவால் கட்டினோம். பால் வாய்வழிக் குழாயில். நாடாவின் முடிச்சை நான் எத்தனை தடவை சரிபார்த்தேன் என்று எழுதினால் மலரில் இடம் போதாது.

ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். மூக்கு வாசல் குறுகியிருந்தது தெரிந்த விஷயம். அவர் விரல் வைத்துக் காட்டியது மேல் ஈறை. முன்பல் இரண்டுக்கும் இரண்டு விதை இருக்க வேண்டிய இடத்தில், நட்ட நடுவில் ஒரே ஒரு விதை. பிறகு குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார். உதட்டையும் ஈறையும் சேர்க்கிற சின்ன நரம்பு மாதிரி ஒரு தோல் நமக்கெல்லாம் இருக்கிறதே, அது இல்லை.

பிரபுவையும் சுகன்யாவையும் உட்கார வைத்துச் சொன்னார். நான் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் நின்று கேட்டேன். கருவில் முகத்தின் நடுப்பகுதி உருவாகும்போது மூக்கு வாசலும் முன்பல்லும் மூளையின் நடுப்பகுதியும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் அமைகின்றன. மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி தொங்குகிறது. உடம்பு வளர்வதற்கும், சர்க்கரை இறங்காமல் இருப்பதற்கும், காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் தாங்குவதற்கும் உத்தரவு அங்கிருந்துதான் போகிறது. மூக்கு இப்படிக் குறுகி, பல்லும் ஒன்றாக இருந்தால் அந்தச் சுரப்பி சரியாக இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் கெட்டிருக்காது, ஆனால் தேடாமல் விடக் கூடாது. மூளை ஸ்கேனில் வேறு கோளாறு தெரியவில்லை. ஹார்மோனுக்கு ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு நாள்.

அப்போது காந்திமணி அக்கா எழுந்து வந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, அப்ப நான் கிள்ளுனதுனால இல்லீங்களா?"

"எலும்பைக் கிள்ளி யாராலயும் குறுக்க முடியாதும்மா. இது வயித்துக்குள்ளயே இப்படி."

"அதைய ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க. ஊட்டுல நம்போணுமில்லீங்க."

டாக்டரம்மா லெட்டர்ஹெட்டை இழுத்து எழுதினார். மூக்கு வாசல் எலும்பு கருவிலேயே குறுகியது, காந்திமணி அவர்கள் கிள்ளியதால் அல்ல. அதன் கீழே இன்னொரு வரி: ஆனாலும் இனி எந்தக் குழந்தையின் மூக்கையும் கிள்ளக் கூடாது, எண்ணெயும் விடக் கூடாது, எண்ணெய் நெஞ்சுக்குள் இறங்கும். அக்கா வாங்கிப் படித்துவிட்டு, "சீல் வெக்கலீங்களே" என்றார். நான்தான் ஆபீஸுக்குப் போய் வட்ட சீல் வைத்து வாங்கி வந்தேன். சரியாக விழுந்திருக்கிறதா என்று கவலைப்பட்டு முதல் வரியின் ஓரத்திலேயே இரண்டு சீலாக வைக்கச் சொன்னேன்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு வார்டு முழுக்கச் சிரிப்பு. குழந்தை அழவில்லை. ரப்பர் காம்பால் மூச்சு விட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். காலையில் பார்த்த சர்க்கரையும் சரியாக இருந்தது, அடுத்து மதியம் பார்த்தால் போதும். சுகன்யா மூன்று நாளில் முதல் தடவையாக இட்லி சாப்பிட்டார். நான் என் மணிக்கு ஒரு தடவைக் கணக்கில் பாதத்தைத் தொட்டேன்.

குளிர்ந்திருந்தது. வெதுவெதுப்பாக வைக்கிற பெட்டிக்குள் இருக்கிற குழந்தைக்குப் பாதம் எதற்குக் குளிர வேண்டும்? தொட்டால் முழித்துக்கொள்ள வேண்டும், முழிக்கவில்லை. என்னால் அழாத குழந்தை அந்த வார்டில் இருந்ததே இல்லை. உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். விரல்கள் மெல்லியதாக அதிர்ந்துகொண்டிருந்தன.

லிஸி சிஸ்டரிடம் சொன்னேன். அவர் நல்லவர், ஆனால் நான் அந்த மாதத்தில் சொன்ன எத்தனையோ கவலையைக் கேட்டவர். போதாக்குறைக்கு நேற்றைய தகடு.

"நேத்து தகடு குளிருதுன்னு சூடாக்கின. இன்னிக்குக் குழந்தை குளிருதுன்னு வர்ற. கொஞ்சம் சும்மா இரு சரசு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குமே சந்தேகம் வந்துவிட்டது. நேற்று சூட்டையும் குளிரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவளுக்கு இன்று மட்டும் எப்படித் தெரியும்? திரும்பிப் போய், ஒரு மணிக்கு ஒரு தடவை என்கிற சட்டத்தை மீறி இன்னொரு தடவை தொட்டேன். அப்போதும் குளிர்ந்திருந்தது. நேராக ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினேன்.

டாக்டரம்மா ஒருவருடைய தொண்டையில் வேலையாக இருந்தார். கையில் கத்தி இருக்கும்போது அவரோடு பேசக் கூடாது என்பது பெரிய விதி. நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு கதவிடம் பேசுவது மாதிரி பேசினேன். குழந்தை அழவில்லை, பாதம் குளிர்கிறது, முழிக்கவில்லை, கை நடுங்குகிறது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

உள்ளேயிருந்து கேட்டது: "கை நடுங்குதா?"

"எனக்குங்களா, குழந்தைக்குங்களா டாக்டர்?"

"குழந்தைக்கு."

"ரெண்டு பேருத்துக்கும் நடுங்குதுங்க."

"சுகர் பார்க்கச் சொல்லு. இப்பவே. நான் சொன்னேன்னு சொல்லு."

சந்தோஷம் என்று அவர் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை அளவைப் பார்த்ததும் லிஸி சிஸ்டரின் முகம் மாறியது. அவ்வளவு கீழே இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு எல்லாரும் ஓடினார்கள். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். குழந்தைகள் டாக்டர் வந்தார். குளுக்கோஸ் ஏற்றினால் சர்க்கரை ஏறியது, குறைத்தால் திரும்ப இறங்கியது. ரத்த முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று, சுரப்பியின் உத்தரவு இல்லாததால் உடம்பில் சுரக்காமல் போன ஹார்மோனை அவர் அப்போதே ஊசி மருந்தாகக் கொடுத்தார். மதியம் இரண்டு மணிக்குக் குழந்தை என் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது. பாதத்தை நான் தொட்டதுதான் காரணம். அழுகையைக் கேட்டு அன்றைக்கு அம்மா முறைக்கவில்லை.

லிஸி சிஸ்டர் குறிப்பேட்டை மூடிவிட்டுச் சொன்னார்: "இனி மணிக்கு எத்தனை தரம் வேணுமோ தொடு."

உண்மையைச் சொன்னால் அதிலிருந்துதான் எனக்கு வேலை அதிகமாகிவிட்டது.

ரத்த முடிவு வந்தது. அந்தச் சுரப்பி மூன்று உத்தரவுகளைச் சரியாக அனுப்பவில்லை. முதலில் அந்த ஊசி மருந்து, அது நிலைத்த பிறகு தைராய்டு மருந்து என்று வரிசையாக ஆரம்பித்தார்கள். மூக்கு ஆபரேஷனுக்குக் கோயமுத்தூருக்கு அனுப்பினோம். ஆம்புலன்ஸில் குழந்தையோடு என்னையும் அனுப்பினார் டாக்டரம்மா. வாளையார் தாண்டும் வரை பாதத்தைப் பிடித்தபடியே போனேன். மேலுதட்டுக்கு உள்பக்கமாகத் திறந்து, வாசல் எலும்பைச் சுரண்டி அகலமாக்கி, இரண்டு சின்னக் குழாய் வைத்து, சில வாரம் கழித்து எடுத்தார்கள். குழந்தைக்கு மகிழினி என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. தினமும் மாத்திரை உண்டு. வளர்வதற்கு ஊசி உண்டு, அவள் அம்மாவே போடுகிறார். காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரையின் அளவைக் கூட்டியே ஆக வேண்டும், வாந்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரி. இதைச் சொல்கிற அட்டை அவளுடைய புத்தகப் பையில் எப்போதும் இருக்கிறது. ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் நான் பிரபுவுக்கு போன் செய்வேன். "சரசக்கா, அது பக்கத்து ஊட்டு மாட்டுக்குத்தானுங்க காய்ச்சல்" என்று அவர் ஒரு தடவை சொன்னார். இருந்தாலும் கேட்டு வைப்பது நல்லதுதானே.

முன்பல் நடுவில் ஒன்றே ஒன்று முளைத்தது. பால் பல் விழுந்து, வந்த பல்லும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி கேலி செய்தபோது, "உனக்கு ரெண்டு தேய்க்கோணும், எனக்கு ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

காந்திமணி அக்கா அந்தச் சீட்டை லேமினேஷன் செய்து வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். நான் போனபோது எடுத்துப் பார்த்தேன். இனி கிள்ளக் கூடாது என்கிற இரண்டாவது வரியைப் பின்பக்கமாக மடித்து லேமினேஷன் செய்திருந்தார். சீல் மட்டும் இரண்டும் முன்பக்கம் தெரிந்தது.

என் கடைசி நாளன்று குழந்தைகள் வார்டிலேயே கேக் வெட்டினார்கள். பிரபு குடும்பத்தோடு வந்திருந்தார். டாக்டரம்மா தாமதமாக வந்தார். பழைய சாமான் பெட்டியிலிருந்து அந்தத் தகட்டை எடுத்து, டீ போடுகிற அறையின் பிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்கு அடியில் வைத்திருந்தாராம். அதைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். சுரீர் என்றது.

"சீக்கிரம் பிடி சரசு. உன் கையில இருந்தா சூடாயிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். மகிழினி முன்னால் வந்து முகத்தை நிமிர்த்தினாள். நாற்பது வருஷத்தில் நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேனே தவிர, ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. மேலுதட்டில் படாமல், ஒரு நூல் இடைவெளி விட்டுப் பிடித்தேன். அவள் வாயை மூடிக்கொண்டு மூச்சு விட்டாள். இரண்டு வட்டம் விழுந்தது, ஒவ்வொன்றும் பட்டாணி அளவு.

"சந்தோஷம்" என்றார் டாக்டரம்மா.

"மன்னிச்சுக்குங்க டாக்டர்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் என் தோளில் கை வைத்த பிறகுதான், இது வேறு சந்தோஷம் என்று புரிந்தது.

கை தட்டினார்கள், கேக் கொடுத்தார்கள். வட்டம் இரண்டும் மெல்ல மறைய ஆரம்பித்தது. இடது பக்கத்து வட்டம் ஒரு கடுகளவு சின்னதாக இருந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தகட்டை முந்தானையில் துடைத்தேன்.

"கண்ணு, இன்னொருக்கா மூச்சு விடு" என்றேன்.